தீயிலிருந்து வெளியே வந்தவர் யார்?

“டீச்சர், நெருப்புக்குள்ள போனது நந்தனாரு. வெளிய வந்தது யாரு?”

ஆறாம் வகுப்புப் படித்துக்கொண்டிருந்த ஒரு பெண் என்னிடம் இதைக் கேட்டு இரண்டு வருடம் ஆகப்போகிறது. ஞாயிற்றுக்கிழமை காலை, என் வீட்டுத் திண்ணை. வைத்தீஸ்வரன்கோயிலுக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். பணி ஓய்வு பெற்றபின் வாரம் ஒருநாள் பிள்ளைகளைக் கூட்டிவைத்துக் கதை வாசிக்கிறேன். கோயில் தெருவிலிருந்து வருவார்கள், காலனியிலிருந்து வருவார்கள், பள்ளிவாசல் தெருவிலிருந்து இரண்டு பையன்கள், மாதா கோயில் பக்கத்திலிருந்து ஒரு பெண். அன்று பதினொரு பேர். சேரியில் பிறந்ததால் சிதம்பரம் கோயிலுக்குள் போகமுடியாமல் மதிலுக்கு வெளியே நின்ற சிவனடியார் நந்தனாரின் கதையைச் சொல்லி முடித்துவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டிருந்தேன். எப்போது சொன்னாலும் அந்த இடத்தில் எனக்குக் கண் கலங்கிவிடும்.

“அவரேதாம்மா, முனிவரா மாறி வந்தாரு” என்றேன்.

அவள் விடவில்லை. “அப்ப நந்தனாரு எங்க போனாரு?”

அதற்கு என்னிடம் பதில் இல்லை.

இருபத்தெட்டு வருடம் தமிழாசிரியையாக இருந்தவள் நான். கோயில் தெருவில், தேவாரம் ஓதும் வீட்டில் பிறந்தேன். விளக்கு வைத்தபின் அப்பா கோபாலகிருஷ்ண பாரதியாரின் நந்தனார் கீர்த்தனைகளைப் பாடுவார். தண்டபாணி தேசிகர் நந்தனாராக நடித்து 1942-இல் வந்த படத்தைச் சின்ன வயதில் பார்த்ததை, நேற்றுப் பார்த்ததுபோல் சொல்வார். அந்த உருக்கம் என் ரத்தத்தில் இருந்தது. அதைத்தான் வருடாவருடம் வகுப்பில் கொடுத்தேன். நந்தனார் தீயில் இறங்கி, மார்பில் நூலும் தலையில் சடைமுடியுமாக எழுந்து வரும் இடத்தில் என் குரல் தானாக உயரும். அது வெற்றி என்றே நம்பினேன். வகுப்பில் யார் காதில் அது வெற்றியாக விழுந்தது, யார் காதில் வேறு எதுவாகவோ விழுந்தது என்று நிமிர்ந்து பார்த்ததில்லை.

ஒரு முறையாவது பார்த்திருக்க வேண்டும். ஒரு வருடம், இந்தக் கதையை நடத்திய மறுநாளிலிருந்து, காலனிப் பையன் ஒருவனை மற்ற பிள்ளைகள் “நந்தா” என்று கூப்பிட ஆரம்பித்தார்கள். அது அவன் பெயர் இல்லை. நான்கு நாள் அவன் வரவில்லை. ஐந்தாம் நாள் அவன் அம்மா கூட்டிக்கொண்டு வந்து விட்டுப்போனார். என்னிடம் ஒன்றும் கேட்கவில்லை. நான் மற்ற பிள்ளைகளைத் திட்டினேன். அவனைத் தனியாக அழைத்து, “அவர் எவ்வளவு பெரிய அடியார்! அந்தப் பேர்ல கூப்பிட்டா பெருமைதானடா” என்றேன். அவன் தலையைக் குனிந்துகொண்டான். அந்தக் குனிந்த தலை என் மனதைவிட்டுப் போகவே இல்லை. அவன் கேட்காமல் விட்டதைத்தான் இத்தனை வருடம் கழித்து இந்தப் பெண் கேட்டாள் என்று எனக்குப் பட்டது.

அன்று இரவு பெரியபுராணத்தை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தேன். பாடம் நடத்துவதற்காக எத்தனையோ தடவை படித்த புத்தகம். ஒரு பிள்ளையின் கேள்வியோடு படிப்பது அதுதான் முதல் தடவை.

எட்டாம் நூற்றாண்டில் சுந்தரர் தமது திருத்தொண்டத்தொகையில் நந்தனாரைத் திருநாளைப்போவார் என்று பெயர் சொல்லி வணங்குகிறார். அவ்வளவுதான். ஊர் இல்லை, குலம் இல்லை, தீயும் இல்லை. பிறகு நம்பியாண்டார் நம்பி தமது அந்தாதியில் ஒரே ஒரு பாட்டுப் பாடுகிறார். அங்கே ஆதனூர் வருகிறது. புலை நீங்கியது வருகிறது. முனியானது வருகிறது. சிதம்பரமாகிய தில்லையின் அந்தணர் மூவாயிரவர் அவரைக் கைகூப்பி வணங்கியது வருகிறது. தீ மட்டும் வரவில்லை. பன்னிரண்டாம் நூற்றாண்டில் சேக்கிழார் நாற்பதுக்கும் குறைவான பாடல்களில் கதையை விரிக்கும்போதுதான் மதிலுக்கு வெளியே தீ மூட்டப்படுகிறது. இறைவன் கனவில் வந்து தீயில் மூழ்கி எழச் சொல்கிறார். அந்தணர்களின் கனவிலும் வந்து தீ அமைக்கச் சொல்கிறார். சேக்கிழார் சோழ அரசின் அமைச்சர். பெரியபுராணம் அரங்கேறியது தில்லைக் கோயிலின் ஆயிரங்கால் மண்டபத்தில் என்பது மரபு. எந்த மதிலுக்கு வெளியே நந்தனார் நின்றாரோ, அந்த மதிலுக்கு உள்ளே வைத்து இந்தக் கதை சொல்லப்பட்டிருக்கிறது.

ஈவிரக்கமில்லாத பண்ணையார் சேக்கிழாரிடம் இல்லவே இல்லை. நாற்பது வேலி நிலத்தை ஒரே இரவில் விளையவைக்கச் சொல்லும் அந்த வேதியர், பத்தொன்பதாம் நூற்றாண்டின் நடுவில் கோபாலகிருஷ்ண பாரதியார் உண்டாக்கிய பாத்திரம். தஞ்சைச் சீமையின் வயல்களில் கண்ணெதிரே நடந்ததை அவர் புராணத்துக்குள் கொண்டுவந்தார். மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை பாரதியாரின் அந்தக் கீர்த்தனை நூலுக்குச் சிறப்புப்பாயிரம் தரத் தயங்கியதை உ.வே.சாமிநாதையர் பதிவு செய்திருக்கிறார். என் கையில் இருந்த சிறுவர் புத்தகத்திலோ பாரதியாரின் பண்ணையாரும் சேக்கிழாரின் தீயும் தையல் தெரியாமல் ஒன்றாகக் கலந்து, “இதுதான் நடந்தது” என்ற ஒரே குரலில் ஒலித்தன. நானும் அதே குரலில்தான் வாசித்தேன்.

இப்படி ஒரு குரலைப் பிரித்துப் பார்க்கும் வித்தை எனக்குப் புதிதில்லை. 1991-இல், திருமணமாகிப் புதுக்கோட்டையில் இருந்தபோது, அறிவொளி இயக்கத்தில் தொண்டராகச் சேர்ந்தேன். எங்கள் பாடநூலில் முதல் சொல் அம்மாவும் இல்லை, ஆடும் இல்லை, ‘பட்டா’. அரிக்கேன் விளக்கு வெளிச்சத்தில் களையெடுக்கும் பெண்கள் உட்கார்ந்திருப்பார்கள். எழுத்தை எழுதுவதற்கு முன்னால் பேச்சு. இந்த ஊரில் யாருக்குப் பட்டா இருக்கிறது? யாருக்கு இல்லை? ஏன் இல்லை? பேசி முடித்தபின்தான் பலகையில் ‘ப’. பிரேசிலில் பாவ்லோ பிரெய்ரே என்ற ஆசிரியர் 1963-இல் அங்கிகோஸ் என்ற ஊரில் நாற்பது மணி நேரத்தில் உழைப்பாளிகளுக்கு எழுத்தறிவித்த முறையின் வாரிசு அது. எழுத்தைப் படிப்பவர் அந்த எழுத்துக்குப் பின்னால் இருக்கும் உலகத்தையும் சேர்த்துப் படிக்க வேண்டும் என்பது அவர் கொள்கை.

பட்டாவைக் கேள்வி கேட்கச் சொல்லிக்கொடுத்த நான், புராணத்தைக் கேட்கச் சொல்லிக்கொடுக்கவில்லை. பட்டா மண்ணின் காரியம், புராணம் சாமி காரியம் என்று நடுவில் ஒரு கோடு கிழித்து வைத்திருந்தேன். காரணம் பயம். சாமி கதையைத் துருவினால் பக்தி போய்விடும், பக்தி போனால் பிள்ளைகளிடம் ஒன்றும் மிஞ்சாது என்ற பயம். அதனால் அந்தப் பெண்ணின் கேள்வி எனக்கு இலக்கியக் கேள்வியாக மட்டும் நிற்கவில்லை. புனிதமானது என்று வணங்கும் ஒரு கதையைக் கேள்வி கேட்டுக்கொண்டே வணங்க முடியுமா? அதற்கு விடை தெரியாமல் அடுத்த ஞாயிற்றுக்கிழமை திண்ணையில் உட்கார முடியாது என்று தோன்றியது.

ஆனாலும் உட்கார்ந்தேன். இந்த முறை கதையை ஒரே கதையாகச் சொல்லவில்லை. சுந்தரர் சொன்னது இவ்வளவு, நம்பி சொன்னது இவ்வளவு, சேக்கிழார் சொன்னது இது, பாரதியார் சேர்த்தது இது என்று தனித்தனியாக வைத்தேன். பிள்ளைகளுக்கு இது விளங்குமா என்று சந்தேகமாக இருந்தது. என்னைவிட வேகமாக அவர்களுக்கு விளங்கியது.

முதலில் கோயில் தெருப் பையன் ஒருவன் கேட்டான். “திருப்புன்கூர்ல நந்தியை விலகிக்கோன்னு சாமி சொன்னாரு. சிதம்பரத்துல அவங்கள விலகிக்கோங்கன்னு ஏன் டீச்சர் சொல்லல? ரெண்டும் ஒரே சாமிதானே?”

எங்கள் ஊரிலிருந்து நடக்கிற தூரம்தான் திருப்புன்கூர். சிவலோகநாதர் சந்நிதிக்கு நேரே இருக்கவேண்டிய நந்தி இன்றும் ஒதுங்கித்தான் இருக்கிறது. நூறு தடவை பார்த்திருக்கிறேன். ஒரே புராணத்தில், சில பாடல்கள் இடைவெளியில், அங்கே தடை விலகுகிறது. இங்கே தடை அப்படியே நிற்க, அடியார் மாற்றப்படுகிறார். அந்தப் பையன் அதை ஒரே மூச்சில் சொல்லிவிட்டான்.

அப்போது பள்ளிவாசல் தெருப் பையன் எங்கள் வீட்டில் ஒரு கதை சொல்வார்கள் என்று ஆரம்பித்தான். பிலால் கதை. அபிசீனிய வழியில் வந்தவர், மக்காவில் அடிமை. ஒரே இறைவன் என்று சொன்னதற்காகக் கொதிக்கும் மணலில் கிடத்தி, நெஞ்சில் பாறாங்கல்லை வைத்தார்கள். அபூபக்கர் அவரை விடுவித்தார். முதன்முதலில் பாங்கு சொல்ல நபிகள் தேர்ந்தெடுத்தது அவரைத்தான். மக்கா கைக்கு வந்த நாளில் கஅபாவின் மேலேயே ஏறி நின்று பாங்கு சொன்னார். “அவர அப்படியேதான் டீச்சர் மேல ஏத்துனாங்க. வேற ஆளா மாத்தல.”

மாதா கோயில் பக்கத்துப் பெண் ரொம்பப் பேசமாட்டாள். அன்று அவளும் சொன்னாள். வேற்று இனத்துப் பெண் ஒருத்தி தன் மகளைக் குணமாக்கும்படி இயேசுவிடம் கெஞ்சுகிறாள். பிள்ளைகளின் அப்பத்தை எடுத்து நாய்களுக்குப் போடுவது நல்லதில்லை என்கிறார் அவர். மேசைக்குக் கீழே விழும் துணுக்குகளை நாய்களும் தின்னுமே ஆண்டவரே என்று அவள் பதில் சொல்கிறாள். அந்தப் பதிலுக்காகவே அவள் மகள் பிழைக்கிறாள். “எதுத்துப் பேசுனாதான் சாமி கேட்டாரு” என்றாள் இந்தப் பெண்.

எந்த மதம் உயர்ந்தது என்று பேச்சு திரும்பிவிடக் கூடாதே என்று எனக்கு உள்ளூரக் கலக்கம். திருப்பியது நான் இல்லை, அவர்களே. “எங்கம்மா ஊரு கல்லறைத் தோட்டத்துல நடுவுல செவரு இருக்கு டீச்சர்” என்றாள் அதே பெண். “எங்க தெருவுலயும் யாருக்கு யாரு பொண்ணு குடுக்கலாம்னு பாப்பாங்க” என்றான் பிலால் கதை சொன்னவன். அவரவர் கதையை அவரவர் தெருவுக்குப் பக்கத்தில் வைத்துப் பார்த்தார்கள். அடுத்தவர் மதத்தின் குறையை எண்ணுவதற்கு எந்தத் துணிச்சலும் வேண்டாம். தன் வீட்டுக் கதையை நேசித்துக்கொண்டே அதன் முன்னால் கேள்வியோடு நிற்பதுதான் கடினம். அதை அந்தப் பிள்ளைகள் ஒரு காலை நேரத்தில் செய்தார்கள்.

முதல் கேள்வியைக் கேட்டவள் மட்டும் வாய் திறக்கவில்லை. எல்லாரும் எழுந்து போனபின் சொன்னாள். “எங்க ஆயா சொல்லுது, நந்தனாரு வெளிய வரவே இல்லையாம்.”

இருபத்தெட்டு வருடம் பாடம் நடத்தினேன். நான் பிறந்த தெருவுக்கும் காலனிக்கும் இடையில் ஒரு வாய்க்கால்தான். அந்த வாய்க்காலுக்கு அந்தப் பக்கம் இந்தக் கதைக்கு வேறு முடிவு இருந்தது எனக்குத் தெரியாது. யாரும் என்னிடம் சொல்லவில்லை. நானும் கேட்டதில்லை. வகுப்பில் என் குரல் உயர்ந்தபோதெல்லாம், சில பிள்ளைகள் வீட்டில் கேட்ட முடிவை மடியில் மறைத்து வைத்துக்கொண்டு என் முடிவைக் கேட்டிருக்கிறார்கள்.

அந்த வாரமே ஆயாவைப் போய்ப் பார்த்தேன். வாசலில் கயிற்றுக்கட்டிலைப் போட்டுக் கடுங்காப்பி கொடுத்தார். “நெருப்புல எறங்குனவன் எப்படிம்மா வருவான்?” என்றார், கோபமே இல்லாமல். பிறகு, “ஆனா அவன் சாமிதான். எங்களுக்குச் சாமி” என்றார். அந்த இரண்டு வாக்கியங்களுக்கும் இடையில் அவர் எந்த முரணையும் காணவில்லை. கேள்வி கேட்டால் பக்தி போய்விடும் என்ற என் பயத்துக்கு அவர்தான் மருந்து கொடுத்தார்.

அமெரிக்காவில் 1965-இல் நான்சி லாரிக் என்பவர் சிறுவர் நூல்களைப் பற்றி ஒரு கட்டுரை எழுதினார். நியூயார்க் மழலையர் பள்ளியில் ஐந்து வயதுக் கறுப்பினச் சிறுமி, புத்தகங்களில் ஏன் எப்போதும் வெள்ளைக்காரப் பிள்ளைகளே வருகிறார்கள் என்று கேட்டதிலிருந்து தொடங்கும் கட்டுரை. மூன்று வருடங்களில் வந்த ஐயாயிரத்துக்கு மேற்பட்ட நூல்களைப் பார்த்ததில், ஒரு கறுப்பினத்தவராவது இடம்பெற்றவை நூற்றுக்கு ஏழுகூட இல்லை. 1990-இல் ரூடின் சிம்ஸ் பிஷப் என்ற பேராசிரியர், நூல்கள் பிள்ளைகளுக்குக் கண்ணாடியாகவும் ஜன்னலாகவும் கதவாகவும் இருக்க வேண்டும் என்று எழுதினார். கண்ணாடியில் தன்னைப் பார்க்கலாம். ஜன்னல் வழியே பிறரைப் பார்க்கலாம். கதவு வழியே அவர்கள் வீட்டுக்குள் போகலாம்.

அதை வைத்துக்கொண்டு எங்கள் புராணத்தைப் பார்க்கிறேன். ஆதனூர்ச் சேரியைச் சேக்கிழார் எவ்வளவு அருகில் போய்ப் பார்த்திருக்கிறார்! கையில் இரும்புக் காப்புப் போட்ட சிறுவர்கள், ஓடித்திரியும் நாய்க்குட்டிகள், மரநிழலில் தோல் விரிப்பில் உறங்கும் குழந்தை. பேரிகைக்குத் தோலும் வாரும், யாழுக்கு நரம்பும், பூசைக்குக் கோரோசனையும் கொடுக்கும் நந்தனார். உள்ளே ஒலிக்கும் ஒவ்வொரு வாத்தியத்திலும் வெளியே நிற்பவரின் உழைப்பு இருக்கிறது. எண்ணூறு வருடத்துக்கும் முன்னால் இப்படி ஒரு கண்ணாடியைச் செய்துவைத்தவரை நான் குறைத்துப் பேசமாட்டேன். சிவன் கோயில் பிரகாரத்தில் அறுபத்துமூவர் வரிசையில் நந்தனாரும் கைகூப்பி நிற்கிறார் என்றால், அதில் சேக்கிழாரின் பங்கு பெரிது. ஆனால் அந்தக் கண்ணாடியைக் கடைசிவரை பார்க்கும் காலனிப் பிள்ளைக்கு என்ன தெரிகிறது? அவளுடைய உருவம் எரிந்து வேறொருவருடைய உருவம் எழுவது தெரிகிறது. கதவு திறக்கிறது, தட்டியவர் இல்லாமல் போனபின் திறக்கிறது.

அந்தக் கதவை வேறுவிதமாகப் படித்தவர்கள் உண்டு. அயோத்திதாசப் பண்டிதர், நந்தன் ஓர் அரசன், சூழ்ச்சியால் கொல்லப்பட்டவன் என்றார். புதுமைப்பித்தன் ‘புதிய நந்தன்’ என்று ஒரு சிறுகதை எழுதினார். சுவாமி சகஜானந்தர் சிதம்பரத்திலேயே 1916-இல் நந்தனார் கல்விக் கழகத்தைத் தொடங்கினார். நந்தனார் காத்துக் கிடந்த ஊரில், அவர் பெயரால் பிள்ளைகள் சிலேட்டோடு உட்கார்ந்தார்கள். கதை ஒரு கையில் மட்டும் இருந்திருந்தால் இவையெல்லாம் நடந்திருக்காது.

என் விடையை மறைக்காமல் சொல்லிவிடுகிறேன். நான் இன்றும் விபூதி பூசுகிறவள். இன்றும் நந்தனாரை நினைத்தால் கண் கலங்குகிறவள். நந்தியை ஒதுங்கச் சொன்னதே, அந்தக் குரல், அதை என் சிவனின் குரலாகக் கேட்கிறேன். தீயில் மூழ்கி வா என்று கனவில் சொன்ன குரலை, சிவனின் வாயில் அந்தக் காலம் வைத்த குரலாகக் கேட்கிறேன். இரண்டையும் பிரித்துக் கேட்பது பாவம் என்று எனக்குத் தோன்றவில்லை. நந்தனாரின் பெயரை முதன்முதலில் பாட்டில் வைத்த சுந்தரர், இறைவனை ஏசியே பாடத் தொடங்கியவர். வன்தொண்டர் என்ற பெயர் அவருக்கு இறைவன் கொடுத்தது. வழக்காடுகிறவனைத் தோழனாக ஏற்ற சாமியிடம், ஆறாம் வகுப்புப் பெண் ஒருத்தி நியாயம் கேட்டால் அவருக்குக் கோபம் வருமா?

இப்போதெல்லாம் கதையைச் சிதம்பரத்து மதிலோரத்தில் நிறுத்திவிடுகிறேன். தீயை மறுவாரம்தான் சொல்வேன். “உங்க வீட்ல இதுக்கு அப்பறம் என்ன சொல்றாங்கன்னு கேட்டுட்டு வாங்க” என்று அனுப்புகிறேன். எனக்கு முன்னால் அவர்கள் சொல்கிறார்கள். பிறகு நான் புத்தகத்தைத் திறக்கிறேன்.

போன தை மாதம் பிள்ளைகளைத் திருப்புன்கூருக்குக் கூட்டிப்போனேன். நந்தனாருக்காகப் பிள்ளையார் உதவி வெட்டியது என்று சொல்லப்படும் குளத்தைப் பார்த்தோம். கோயிலுக்கு வந்ததும் அவர்கள் செருப்பைக் கழற்றிப்போட்டுவிட்டு உள்ளே ஓடினார்கள், நந்தி எவ்வளவு தள்ளியிருக்கிறது என்று காலால் அளந்து பார்க்க. நான் வாசலுக்கு வெளியே நின்றேன். எத்தனை வருடமாக வருகிறேன்! நேரே உள்ளே போய்த்தான் பழக்கம்; அவர் நின்ற இடத்தில் ஒருநாளும் நின்றதில்லை. அங்கிருந்து பார்த்தேன். தூரத்தில், இருட்டில், விளக்குச் சுடர் சின்னதாகத் தெரிந்தது. எவ்வளவு நேரம் நின்றேனோ தெரியாது.

உள்ளேயிருந்து அந்தப் பெண்ணின் குரல் கேட்டது.

“டீச்சர், ஏன் அங்கயே நிக்கிறீங்க? உள்ள வாங்க.”